புல்தரை பராமரித்தவரின் மகன்

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர் எழுதியபோது, "கல்லணை, மலைக்கோட்டை எல்லாம் போதுமப்பா, புதுசா ஏதாவது எழுது" என்று ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். அதனால்தான் கோல்ஃப். தொட்டியத்துக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஹாஸ்டல் மைதானத்தில் நாம் ஆடியது கபடி, பால் பேட்மின்டன், மிஞ்சிப்போனால் கிரிக்கெட். ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு நூறு, நூற்றைம்பது ஏக்கர் வேண்டும் என்று முதன்முதலில் படித்தபோது, அத்தனையிலும் வாழை போட்டால் எத்தனை தார் வெட்டலாம் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது. எங்கள் ஊர்ப் புத்தி அப்படி!

ஆனாலும் இந்த விளையாட்டின் இந்தியச் சரித்திரத்தில், நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து படிக்க வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நாயகர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. முழுப்பெயர் சிவ் சங்கர் பிரசாத் சௌராசியா.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மைதானத்தில் 18 குழிகள். பெரிய போட்டி என்றால் நான்கு நாள் ஆட்டம். மொத்தத்தில் யார் குறைந்த ஷாட்களில் முடிக்கிறாரோ அவருக்கே கோப்பை. ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்குப் பெயர் 'கேடி'. நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வரும். இவர் அந்தக் கேடி அல்ல. கூலிக்குப் பை சுமக்கும் ஏழைப் பையன்.

கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் 1829-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழமையான கோல்ஃப் கிளப் அதுதான். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தபோது 'ராயல்' பட்டமும் சேர்ந்துகொண்டது. நம் கொடைக்கானலில் 1895-லேயே கிளப் உண்டு. இங்கெல்லாம் உறுப்பினர்கள் பொழுதுபோக்காக ஆடினார்கள். காசுக்காக ஆடுபவர் வேறு ஜாதி, அவர் தொழில்முறைக்காரர். இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. 1920-ல் பிரிட்டிஷ் ஓப்பன் ஆடப் போன அமெரிக்கச் சாம்பியன் வால்டர் ஹேகனுக்கே கிளப் கட்டடத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. மனிதர் லேசுப்பட்டவரா? வாசலிலேயே காரை நிறுத்தி அதற்குள் உடை மாற்றிக்கொண்டார்.

இந்தியன் ஓப்பன் 1964-ல் தொடங்கியது. முதல் கோப்பை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனுக்கு. மறுவருடமே பி.ஜி. சேத்தி என்ற இந்தியர் ஜெயித்தார், ஆனால் அவர் தொழில்முறைக்காரர் அல்ல, அமெச்சூர். அதற்குப் பிறகு 26 வருடம் ஒரு இந்தியர் கைக்கும் கோப்பை வரவில்லை. 1991-ல்தான் வந்தது. வாங்கியவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர்தான். 1993-ல் மறுபடியும் ஜெயித்து, முதல் தடவை ஜெயித்தது அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களின் வாயை அடைத்தார். 2009-ல் அதே கோப்பையை வாங்கிய பெங்களூர் முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவர்தான்.

இப்போது சௌராசியா. 1978-ல் கல்கத்தாவில் பிறந்தார். அப்பாவுக்கு ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரிக்கும் வேலை. அந்த மைதானத்திலேயே பத்து வயதில் பையன் மட்டை பிடித்தான். கோச் கிடையாது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். 1997-ல் தொழில்முறைக்கு வந்தார்.

பந்தை வெகுதூரம் அடிக்கும் பலசாலி அல்ல அவர். அவருடைய வித்தை எல்லாம் குழிக்குப் பக்கத்தில். பந்தை மெல்லத் தூக்கிப் போடுவது 'சிப்', குழிக்குள் உருட்டுவது 'புட்'. இரண்டிலும் கைதேர்ந்தவர் என்பதால் சக வீரர்கள் 'சிப்புட்சியா' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். புல் எப்படிச் சாய்ந்திருக்கிறது, பந்து எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். புல் வளர்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கண் வாய்த்தது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

2008 பிப்ரவரியில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் இந்தியன் மாஸ்டர்ஸ் நடந்தது. ஐரோப்பியச் சுற்றின் போட்டி இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பழைய கல்லறை மண்டபங்கள் நிற்கும் மைதானம் அது. வழிகள் குறுகல், இரண்டு பக்கமும் புதர். பலசாலிகளின் பந்து புதருக்குள் போய்விடும், நேராக அடிப்பவன் பிழைப்பான். சௌராசியா பிழைத்தார், கோப்பையையும் வாங்கினார். பரிசு 4 லட்சத்து 16 ஆயிரம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடியைத் தாண்டும்.

கோடி வந்தும் ஒரு குறை மட்டும் தீரவில்லை. சொந்த நாட்டு ஓப்பன் கைக்கு வரவில்லை. 1999-ல் இரண்டாம் இடம். 2006-லும் அதே கதை. 2013-ல் ஒரே ஒரு ஷாட்டில் போயிற்று. ஜெயித்தவர் வங்கதேசத்தின் சித்திக்கூர் ரஹ்மான், டாக்காவில் கேடியாக ஆரம்பித்த மனிதர். (அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) 2015-ல் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். கடைசி நாள் காலையில் சௌராசியா முன்னணியில் இருக்கிறார். அனிர்பன் லாஹிரி ஏழு ஷாட் பின்னால். மாலையில் இருவரும் சமம். கூடுதலாக ஒரு குழி ஆட வைத்தார்கள், லாஹிரி ஜெயித்துவிட்டார். பதினாறு வருடத்தில் நான்கு முறை இரண்டாம் இடம்! நம்மில் எத்தனை பேர் ஐந்தாம் முறை பரீட்சைக்குப் பணம் கட்டியிருப்போம்?

அவர் கட்டினார். 2016-ல் அதே டெல்லி மைதானத்தில் இரண்டு ஷாட் வித்தியாசத்தில் இந்தியன் ஓப்பனை வென்றார். இரண்டாம் இடத்தில் நின்ற இருவரில் ஒருவர் அதே லாஹிரி. மறுவருடம் போட்டி குர்காவ்ன் டி.எல்.எஃப். மைதானத்துக்கு மாறியது. நீளமான, கஷ்டமான மைதானம். சிப்புட்சியாவின் சாமர்த்தியம் அங்கே எடுபடாது என்று பேசிக்கொண்டார்கள். அங்கே அவர் ஜெயித்தது ஏழு ஷாட் வித்தியாசத்தில்.

இரண்டு வெற்றிகளுக்கும் நடுவே 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்ஸ். 1904-க்குப் பிறகு கோல்ஃப் ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பிய வருடம். ஆண்கள் பிரிவில் இந்தியாவிலிருந்து போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் ராணுவ டாக்டரின் மகன் லாஹிரி. இன்னொருவர் ராயல் கல்கத்தா புல்தரைக்காரரின் மகன். பதக்கம் வரவில்லை. 2017-ல் சௌராசியாவுக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள், 1991-ல் அலி ஷேருக்குக் கொடுத்த அதே விருது.