மேக்கிலிருந்து விண்டோஸுக்கு: நமது ஓவியக் கோப்புகள் வழியில் எதை இழக்கின்றன?

இடப்பெயர்வின்போது எடுத்துவர முடியாமற்போனவற்றின் பட்டியல் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. எஞ்சிய படங்களைப் பின்னர் ஸ்கேன் செய்தோம். மங்கிய முகங்களைக் கணினியில் திருத்தினோம், வரைவித்தோம். இன்று நினைவு மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான பதாகை, இளையவர்கள் வரையும் ஓவியம் எல்லாமே கணினிக் கோப்புகள்தான். வரைபவர் ரொறன்ரோவில் மேக் கணினியில் இருப்பார். அச்சிடுபவர் கிளிநொச்சியில் விண்டோஸ் கணினியில் இருப்பார். படத்தைத் திருத்தித் தரும் மாணவர் லினக்ஸ் பயன்படுத்துவார்.

இந்த வேலையில் உள்ளவர்களுடன் பேசும்போது நான் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "கோப்பு வந்தது, ஆனால் சரியாகத் திறக்கவில்லை." காரணம் எளியது. பயணிப்பது கோப்பு மட்டுமே. அதைப் படிக்கத் தேவையான எழுத்துரு, மென்பொருள், நிற அளவு ஆகியவை அனுப்பியவரின் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. எங்கெங்கே இழப்பு நேர்கிறது, அதை எப்படித் தவிர்க்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வன்தட்டு

மேக் கணினிக்காக வடிவமைத்த வன்தட்டை விண்டோஸ் தானாகப் படிக்காது. சில வேளைகளில் "இந்தத் தட்டை ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று திரையில் கேட்கும். அப்போது சம்மதம் கொடுக்கவே கூடாது. தட்டில் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும். விண்டோஸுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான். மறுபக்கம், விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் தட்டை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. பழைய பென்டிரைவ்களில் உள்ள ஃபாட்32 முறை எல்லாக் கணினிகளிலும் வேலை செய்யும். ஆனால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை அது ஏற்காது.

மூன்றுக்கும் பொதுவானது எக்ஸ்ஃபாட். லினக்ஸில் 2019இல் வந்த 5.4 கெர்னலிலிருந்து அதற்கு நேரடி ஆதரவு உண்டு. புதிதாக வாங்கும் தட்டை, எதையும் போடுவதற்கு முன்னர், எக்ஸ்ஃபாட்டாக வடிவமைத்துவிடுங்கள். எழுதி முடியுமுன் கழற்றினால் இதில் கோப்புகள் பழுதாகலாம் என்பதால், முறைப்படி 'இஜெக்ட்' செய்தே கழற்ற வேண்டும்.

கோப்பின் பெயர்

தமிழில் பெயரிடுவோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ோ' என்ற ஒரே குறியாக, அல்லது 'ே', 'ா' என்ற இரண்டு குறிகளாக. மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ் பிளஸ் முறை பெயர்களை இரண்டாவது விதமாகப் பிரித்தே வைக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாக முதலாவது விதமாக வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் கணினிக்கு வேறு. அதனால் தேடினால் கிடைக்காது. மலரின் பக்கத்தில் இணைத்த 'கோயில்' படம் காணவில்லை என்று மென்பொருள் சொல்லும்.

அத்துடன் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள்குறி போன்றவற்றைப் பெயரில் விண்டோஸ் அனுமதிக்காது. லினக்ஸ், ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு பெயர்களாகக் கொள்ளும். ஆகவே கோப்புக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட பெயரை இடுங்கள். யாருடைய படம், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைத் தமிழில் ஒரு தனிக் குறிப்புக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் வையுங்கள்.

எழுத்துரு

நமக்கு அதிக இழப்பு நேர்வது இங்கேதான். இலங்கையில் பல ஆண்டுகளாகத் தமிழ் அச்சு வேலையில் பாமினி பெரிதும் பயன்பட்டது. அது யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாக நிற்கும். ஒரு கல்வெட்டில் உள்ள பெயர்களும் திகதிகளும் உறவுமுறைகளும் இப்படி மாறினால், வெளியில் உள்ளவருக்கு அது வெறும் குப்பை.

பழைய மேக் எழுத்துருக்களில் இன்னொரு சிக்கல். அவற்றின் உள்ளடக்கம் கோப்பின் மறைவான ஒரு பகுதியில் இருக்கும். விண்டோஸ் தட்டுக்கு நகலெடுத்தால் அந்தப் பகுதி விடுபட்டு, பூச்சியம் அளவுள்ள வெற்றுக் கோப்பு மட்டும் மிஞ்சலாம்.

செய்ய வேண்டியவை இரண்டு. அனுப்புமுன் எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப் ஒன்றை எடுங்கள். பாமினியில் உள்ள வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றித் தனியாகவும் சேமியுங்கள்.

நிறம்

மேக் திரைகளின் வழமையான ஒளி அளவு முன்னர் 1.8 ஆக இருந்தது. விண்டோஸில் அது 2.2. 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்புடன் மேக்கும் 2.2க்கு மாறியது. அதற்கு முன்னர் மேக்கில் திருத்திய முகங்கள் விண்டோஸில் இருண்டு தெரிவது இதனால்தான். படம் கெட்டுவிட்டதென்று மூலத்தைத் திருத்த வேண்டாம், நகலில் திருத்துங்கள். புதிய படங்களைச் சேமிக்கும்போது எஸ்.ஆர்.ஜி.பி நிறக் குறிப்பைக் கோப்பினுள் இணையுங்கள்.

மென்பொருள்

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7. அதன் கோப்புகளை இன்டிசைன் சி.எஸ்6 வரை திறக்கலாம். பின்வந்த பதிப்புகளில் திறக்காது. மேக்கில் 2019இல் வந்த கட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களை இயக்காது. ஐபாட்டில் மட்டும் இயங்கும் புரோகிரியேட்டின் சொந்தக் கோப்பை வேறு கணினியில் அப்படியே தொடர முடியாது, பி.எஸ்.டி ஆக ஏற்றுமதி செய்தால் அடுக்குகள் பெரும்பாலும் காப்பாற்றப்படும். கிரிட்டா, இங்ஸ்கேப் ஆகியவை இலவசம். மூன்று இயங்குதளங்களிலும் வேலை செய்யும். கிரிட்டா பி.எஸ்.டியைத் திறக்கும், ஆனால் எழுத்து அடுக்குகளும் நிழல் போன்ற விளைவுகளும் மாறலாம். திறந்தவுடன் மூலத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு படைப்புக்கு நான்கு கோப்புகள்

மேற்சொன்னவற்றின் சுருக்கம் இது. ஒவ்வொரு படைப்பையும் நான்கு வடிவில் வையுங்கள்: வரைந்த மென்பொருளின் மூலக் கோப்பு, அடுக்குகளுடன் பி.எஸ்.டி; முழு அளவில் பி.என்.ஜி அல்லது டிஃப். எழுத்து இருந்தால் உட்பொதித்த பி.டி.எஃப். இவற்றை ஒரே கோப்புறையில் இட்டு, வெவ்வேறு வீடுகளில் உள்ள இரண்டு தட்டுகளிலாவது வையுங்கள்.

பழைய கணினி இன்னும் இயங்குகிறதென்றால் அதைக் கழிவுக்குக் கொடுக்குமுன் இந்த ஏற்றுமதியைச் செய்துவிடுங்கள். பல பழைய கோப்புகளுக்கு அந்தக் கணினிதான் கடைசித் திறப்பு. 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது அங்கிருந்த ஏடுகள் பலவற்றுக்கு இரண்டாவது பிரதி இருக்கவில்லை. இன்று ஒரு பிரதி எடுக்க நமக்குத் தேவைப்படுவது ஒரு பின்னேரம் மட்டுமே.