கடைநிலை ஊழியரின் இதயம்: மன அழுத்த நோய்க்குக் காரணம் சுபாவமா, வேலையா?

மாரடைப்பைப் பெரிய பொறுப்பில் இருப்பவர்களின் நோயாகப் பார்க்கும் வழக்கம் மருத்துவத்தில் நெடுநாள் இருந்தது. முடிவெடுக்கும் சுமை, ஓயாத கூட்டங்கள், கடிகாரத்தோடு போட்டி என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். பிரிட்டிஷ் அரசின் தலைமை அலுவலகங்கள் நிறைந்த லண்டன் வைட்ஹால் பகுதியில் 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. 40 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வின் முடிவுகளை மைக்கேல் மார்மட்டும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்டனர். ஏழரை ஆண்டுக் காலத்தில் கரோனரி இதய நோயால் இறந்த கடைநிலை ஊழியர்களின் விகிதம், உயர் நிர்வாக அதிகாரிகளின் விகிதத்தைப் போல் 3.6 மடங்காக இருந்தது.

வறுமைதான் காரணம் என்று இதை முடித்துவிட முடியாது. அவர்கள் எல்லோருக்கும் மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, கட்டணமில்லாத அரசு மருத்துவமும் உண்டு. அதைவிட முக்கியமான செய்தி, இறப்பு விகிதம் கடைசிப் படியில் மட்டும் திடீரென்று எகிறவில்லை என்பது. உச்சியில் இருந்தவரைவிட அதற்கு அடுத்த படியில் இருந்தவருக்கே ஆபத்து கூடுதல். அவருக்கும் வீட்டில் பசி இல்லை. கீழ்ப்படியினர் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் இடைவெளியில் பாதிக்கு மேல் விளக்கமில்லாமல் நின்றது.

மன அழுத்தம் உடலைத் தாக்கும் என்பதை இன்று மறுப்பவர் அரிது. யாருடைய உடலை, எந்த நிலைமையில் தாக்குகிறது என்ற கேள்விக்குத்தான் விடை தெளிவுபட வேண்டியிருக்கிறது. நெருக்கடி எவ்வளவு காலம் நீடிக்கிறது, அதன்மேல் ஆளுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்ற இரண்டும் தீங்கின் பெரும்பகுதியை முடிவு செய்கின்றன என்பதும், மருத்துவம் அரை நூற்றாண்டுக் காலம் நோயாளியின் சுபாவத்தின் பின்னால் அலைந்து இதைத் தவறவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தற்காப்பு எப்போது தீங்காகிறது?

ஆபத்தை உணர்ந்ததும் உடல் இரண்டு வழிகளில் எழுகிறது. முதல் வழி நரம்பு வழி. நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. குடலுக்குப் போக வேண்டிய இரத்தம் தசைக்குத் திருப்பப்படுகிறது. ஹார்வர்டு உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கிய, போரிடவோ ஓடவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஏற்பாடு இதுவே. இரண்டாவது வழி மெதுவானது. மூளையின் ஹைப்போதலமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, சில நிமிடங்களில் கார்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது, அழற்சி மட்டுப்படுகிறது. வேலை முடிந்ததும் அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிச் சுரப்பை நிறுத்தச் சொல்கிறது.

மணிக்கணக்கில் முடிந்துபோகும் நெருக்கடிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மாதக்கணக்கில் நீளும் நெருக்கடியில்தான் ஒவ்வொரு நன்மையும் தீமையாகப் புரள்கிறது. ஏறி ஏறி இறங்கும் இரத்த அழுத்தம் தமனியின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. ஓடாத உடலில் வெளிவந்த சர்க்கரை செலவாவதில்லை. இன்சுலினுக்குத் திசுக்கள் மந்தமாகின்றன. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ வேண்டிய கார்டிசால் தன் நாள் ஒழுங்கை இழக்கிறது. இப்படிக் கூடிச் சேரும் தேய்மானத்தை புரூஸ் மெக்எவன் 1993-இல் தகவமைப்புச் சுமை என்ற கருத்தாக வகுத்தார்.

நோய் எதிர்ப்பாற்றலில் நிகழ்வது இன்னும் சுவையான சிக்கல். கார்டிசால் அழற்சியை அடக்கும் பொருள். மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு மருந்துகள் அதன் உறவினங்கள்தான். அப்படியானால் தீராத நெருக்கடியில் இருப்பவருக்கு அழற்சி குறைய வேண்டும். அளந்து பார்த்தால் கூடுதலாக இருக்கிறது. ஷெல்டன் கோஹன் குழு 2012-இல் இதற்கு ஒரு விடை தந்தது: நெடுநாள் கார்டிசாலில் நனைந்த எதிர்ப்பு அணுக்கள் அதன் கட்டளைக்குச் செவிகொடுப்பதை நிறுத்திவிடுகின்றன. இடைவிடாமல் ஒலிக்கும் பள்ளி மணிக்கு யாரும் தலை தூக்குவதில்லை அல்லவா, அதைப் போல. வைரஸ் நுழைந்தால் எழும் அழற்சியை அடக்க ஆளில்லை.

காலநீட்சிதான் முடிவான காரணி என்பதற்கு அதே கோஹனின் 1998-ஆம் ஆண்டு ஆய்வு நேரடிச் சான்று. 276 தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுகளாக விட்டுத் தனிமைப்படுத்திக் கவனித்தார்கள். ஒரு மாதத்துக்கும் குறைவாக நீடித்த கடும் நெருக்கடி சளி பிடிப்பதைக் கூட்டவில்லை. ஒரு மாதமும் அதற்கு மேலும் நீண்டவையே கூட்டின. அவற்றுள் முதன்மையானவை வேலையின்மையும் உறவுச் சிக்கல்களும். காயம் ஆறுவதிலும் இதே கதை. 1995-இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், மறதி நோய்க்கு ஆளான உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் காயம் செய்து பார்த்தார். மற்ற பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. பராமரிப்புச் சுமையை வாங்கிக்கொள்ள ஆளில்லாத எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

சுபாவம் என்னும் திசைதிருப்பல்

காலநீட்சி இவ்வளவு முக்கியமென்றால், 'டென்ஷன் பேர்வழி' என்ற வகைப்பாடு எப்படி நிலைபெற்றது? ஹான்ஸ் செலியே 1936-இல் மாண்ட்ரியலிலிருந்து எழுதிய சிறு குறிப்புதான் இத்துறையின் தொடக்கம். குளிர், காயம், நச்சு என்று எதற்கு ஆளானாலும் எலிகளின் அட்ரினல் பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதே செலியே பின்னாளில் புகையிலை நிறுவனங்களின் பணத்தைப் பெற்றார். 1969-இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, புகைத்தல் மன அழுத்தத்தைத் தணிக்க உதவக்கூடும் என்றார். வழக்குகளின் விளைவாகப் பின்னர் வெளிவந்த நிறுவன ஆவணங்களில் இந்த உறவு விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

சான்பிரான்சிஸ்கோ இதய மருத்துவர்கள் மேயர் பிரீட்மனும் ரே ரோசன்மனும் 1959-இல் முன்வைத்த 'ஏ வகை' ஆளுமையும் இந்த வரிசையில் வருகிறது. அவசரக்காரர், போட்டிக்காரர், எரிச்சல்காரர் மாரடைப்புக்கு உள்ளாவார் என்ற அந்தக் கருத்துக்குத் தொடக்க ஆய்வுகள் ஆதரவாகவே இருந்தன. பின்வந்த நீண்டகாலத் தொடர் ஆய்வுகளில் அது கரைந்தது. 1988-இல் வந்த ஒரு பகுப்பாய்வில், மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுள் 'ஏ வகை'யினரே குறைவாக இறந்தார்கள்! பிரீட்மனின் ஆய்வு நிறுவனத்துக்கும் பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனத்தின் நிதி கிடைத்திருந்தது. சிகரெட்டின் மீது விழ வேண்டிய பழியைப் புகைப்பவரின் குணத்தின் மீது போட முடிந்தால் அந்தத் தொழிலுக்கு அதைவிட வசதி ஏது?

வயிற்றுப்புண்ணின் வரலாறு இந்த இடத்தில் எதிர்வாதமாக எழும். கவலைப்படுபவருக்கு வரும் நோய் என்று சொல்லப்பட்ட அது ஒரு பாக்டீரியாவின் வேலை என்று பெர்த் நகரின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மன அழுத்தக் கோட்பாடே இதோடு கவிழ்ந்தது என்று எழுதியவர்கள் உண்டு. கவிழவில்லை. அந்தக் கிருமியைச் சுமப்பவர்களுள் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பின் ஜப்பானின் மியாகி பகுதி மருத்துவமனைகளில் வயிற்றுப்புண் நோயாளிகள் கூடினார்கள்; கிருமியும் இல்லாமல், வலி மாத்திரையும் உட்கொள்ளாமல் புண் வந்தவர்களின் பங்கும் கூடியது. கிருமிக்கும் நெருக்கடிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உடலுக்கு இல்லை.

இரைப்பைப் புண் இன்னொன்றையும் கற்றுத் தந்தது. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜே வைஸ் இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு, ஒரே நேரம் மின்னதிர்ச்சி கொடுத்தார். ஓர் எலியிடம் சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்ற எலிக்கு எதுவும் செய்ய வழியில்லை. பட்ட அடி ஒன்றே. சக்கரம் இல்லாத எலிக்கே புண் மிகுதி. செலியேயின் எலிகளுக்கும் தப்ப வழியிருக்கவில்லை என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

பிடி இல்லாத வேலை

ராபர்ட் கராசெக் 1979-இல் இதையே மனித வேலைக்குப் பொருத்தினார்: எதிர்பார்ப்பு அதிகம், தீர்மானிக்கும் உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் ஆபத்தானது. 1985-இல் தொடங்கி, பெண்களையும் சேர்த்து 10,308 ஊழியர்களைக் கொண்ட இரண்டாம் வைட்ஹால் ஆய்வு இதைச் சோதித்தது. வேலையின்மேல் பிடி குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. படிநிலை இடைவெளியை விளக்கிய காரணிகளுள் இதுவே பெரியதாக இருந்தது.

புலம்பும் குணமுள்ளவர் தன் வேலையையும் மோசமாகச் சொல்வார், அவருக்கு நோயும் வரும், இதில் என்ன நிரூபணம் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வைட்ஹால் ஆய்வாளர்கள் அதை எதிர்பார்த்து, ஒவ்வொரு பணியிலும் எவ்வளவு உரிமை உண்டு என்பதை ஊழியரிடம் கேட்டதோடு பணியாளர் துறை மேலாளர்களைக் கொண்டும் மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடும் இதய நோயை முன்கூட்டிக் காட்டியது. நோயாளிதான் கீழ்ப்பதவிக்குச் சரிகிறார் என்ற ஐயத்துக்குப் பின்லாந்து விடை சொல்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதார வீழ்ச்சியால் அங்கே நகராட்சிகள் ஆள் குறைத்தன. எந்தப் பிரிவில் எவ்வளவு குறைப்பு என்பதை ஊழியரின் இதயம் தீர்மானிக்கவில்லை. குறைப்பு கடுமையாக இருந்த இடங்களில், வேலை பறிபோகாமல் தங்கியவர்களிடையே இதய, இரத்தநாள நோய்களால் இறப்பு இரு மடங்காக இருந்ததை யூசி வாதேரா குழு 2004-இல் வெளியிட்டது. பரிசோதனைச் சான்றும் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த ஆய்வில், 45 பெண் ரீசஸ் குரங்குகளைச் சிறு குழுக்களாக்கி, சேர்க்கும் வரிசையால் அவற்றின் தரவரிசையை ஆய்வாளர்களே ஏற்படுத்தினார்கள். தாழ்ந்த இடத்தில் இருந்தவற்றின் எதிர்ப்பு அணுக்களில் அழற்சி மரபணுக்கள் முனைப்பாயிருந்தன. குழுக்களைக் கலைத்து இடம் மாற்றியதும் மரபணுச் செயல்பாடும் மாறியது. குரங்கு ஒன்றுதான், அதன் சுபாவமும் ஒன்றுதான், மாறியது இடம்.

இந்த ஆபத்தின் அளவைப் பெரிதாக்கிச் சொல்வது தவறு. ஐரோப்பாவின் 13 தொடர் ஆய்வுகளைச் சேர்ந்த 1,97,473 பேரின் தரவுகளை மிக்கா கிவிமாக்கி 2012-இல் தொகுத்தபோது, வேலை நெருக்கடி உள்ளவர்களுக்குக் கரோனரி இதய நோய் ஆபத்து 23 விழுக்காடு கூடுதல் என்றே வந்தது. புகைத்தலின் முன் இது சிறிய எண். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 33 விழுக்காடு கூடுதல் என்பது 2015-இல் வந்த அவருடைய மற்றொரு தொகுப்பு. தனியொருவருக்குச் சிறிதாகத் தோன்றும் ஆபத்து, கோடிக்கணக்கானோர் மீது பரவும்போது பெரிய இறப்புக் கணக்காகிறது. நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இதய, பக்கவாத இறப்புகள் 2016-இல் மட்டும் 7,45,000 என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன.

எனவே தியானமும் மூச்சுப் பயிற்சியும் வீண் என்று சொல்லவில்லை. இரத்த அழுத்தத்தை அவை ஓரளவு குறைக்கின்றன. காலையில் யோகா வகுப்பு நடத்தி, மாலையில் இன்னொரு ஷிப்டையும் தலையில் கட்டும் நிர்வாகத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சக்கரம் இல்லாத எலிக்குப் பொறுமையைப் போதிப்பது சிகிச்சை ஆகாது.

தமிழ்நாட்டில் இது ஏட்டுச் சிக்கல் இல்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை உள்ளிட்ட கடைகளின் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. உட்காரும் நேரத்தைத் தானே முடிவு செய்வது சிறிய பிடிதான்; ஆனால் கராசெக் பேசிய பிடி அதுவே. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 12 மணி நேர வேலை நாளுக்கு வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, விரும்புகிறவர்களுக்கு மட்டுமே என்று அரசுத் தரப்பு விளக்கியது. விருப்பம் என்ற சொல்லுக்கு, மறுக்க முடிகிற இடத்தில் மட்டுமே பொருள் உண்டு. எதிர்ப்பு வலுத்து, மே நாளில் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வாரம் எத்தனை மணி நேரம் வேலை, வேலையிடத்தில் வேண்டியபோது உட்காரவோ கழிவறைக்குப் போகவோ முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்த அளவீடுகளின் பக்கத்திலேயே அவர்கள் எழுதி வைக்கட்டும். மாவட்ட வாரியாக அந்தத் தரவுகளை வெளியிடும் பொறுப்பைப் பொதுச் சுகாதாரத் துறை ஏற்க வேண்டும்.