மகைனின்

எபிரேய மொழியில் ‘மகேன்’ என்றால் கேடயம். அதிலிருந்து 1987இல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் சாஸ்லோஃப் உண்டாக்கிய பெயர் இது. முட்டைக்காக அவர் அறுவை செய்த ஆப்பிரிக்க நகத்தவளைகளைக் கிருமி மலிந்த தொட்டி நீரில் விட்டும் காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. காரணம், தோலில் சுரந்த, 23 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகள்; அவையே மகைனின்கள். நேர்மின்னேற்றமுள்ள இவை பாக்டீரியாவின் எதிர்மின்னேற்றச் சவ்வில் ஒட்டி, அதைத் துளைத்துவிடும். கேடயம் என்பதைவிட ஈட்டி என்றே வைத்திருக்கலாம்!

மகைனினின் அமினோ அமிலங்களை மாற்றி, மின்னேற்றத்தைக் கூட்டி, ஆய்வகத்தில் தொகுத்ததுதான் பெக்ஸிகனான். நீரிழிவுக் கால்புண்ணுக்கான களிம்பு. இருக்கும் மருந்துகளைவிட மேலானது என்று காட்ட முடியாததால், 1999இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை.