கதம்பத்தில் ஒரு கிரேக்க இலை

எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தால் ஆரிகானோ பாக்கெட்டுகள் கொட்டும். பீட்சாவோடு வருமே, அந்தக் குட்டிப் பாக்கெட்டுகள். தூக்கிப் போட மனசு வராமல் வருஷக்கணக்கில் சேர்ந்தவை. அம்பத்தூரில் பாதி வீடுகளில் இப்படி ஒரு இழுப்பறை இருக்கும் என்பது என் நம்பிக்கை.

2021இல் கொரோனா வந்துபோன பிறகு அம்மாவுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. கொதிக்கிற குழம்பின் ஆவியை மோந்தே "உப்பு பத்தலை" என்று சொல்கிற ஆள். அவருக்குப் பெருங்காயமும் காபித்தூளும் ஒன்றாகிவிட்டன. தினமும் நாலு வாசனையை முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர்: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மலின் குழு 2009இல் வெளியிட்ட பயிற்சி அது. நான் அதோடு நிறுத்தாமல் வீட்டில் இருந்ததையெல்லாம் அம்மா மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் ஆரிகானோ பாக்கெட்டைக் கிழித்து நீட்டினேன்.

"ஓமவல்லிடா இது."

"இல்லம்மா, ஆரிகானோ. கிரீஸ் பக்கத்து இலை."

"எந்த ஊரா இருந்தா என்ன? மாடித்தொட்டில இருக்கே, அந்த வாசனைதான்."

பாவம், மூக்கு இன்னும் குழம்புகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால், குழம்பியிருந்தது நான்.

ஆரிகானோவின் காரமான வாசனைக்குக் காரணம் கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள். நாம் கற்பூரவள்ளி என்றும் ஓமவல்லி என்றும் சொல்கிற தடித்த இலையிலும் பெரும்பாலும் அதுதான் தூக்கலாக இருக்கும். சில செடிகளில் அதன் உடன்பிறப்பான தைமால். இரண்டு செடிகளும் புதினா, துளசி குடும்பம். ஆனால் நெருங்கிய சொந்தம் இல்லை, தூரத்து உறவுதான். ஆங்கிலத்தில் நம் கற்பூரவள்ளிக்கு 'கியூபா ஆரிகானோ' என்று ஒரு பெயர், 'ஸ்பானிய தைம்' என்று இன்னொன்று. தாவரவியல் பெயரோ இந்தோனேசியாவின் அம்பான் தீவைச் சொல்கிறது. கியூபாவும் அதன் சொந்த ஊர் இல்லை, ஸ்பெயினும் இல்லை. போகிற ஊரிலெல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தைமால் நம் ஓமத்திலும் ஏராளம். இதற்குப் பின்னால் யாரும் அதிகம் பேசாத ஒரு கதை இருக்கிறது. முதல் உலகப்போருக்கு முன்பு இந்திய ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கே அதிலிருந்து தைமால் பிரித்தெடுத்து உலகம் முழுக்க விற்றார்கள். கிருமிநாசினியாகவும், முக்கியமாகக் கொக்கிப்புழுவுக்கு மருந்தாகவும் அது தேவைப்பட்டது. 1914இல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. ஓமம் விளைகிற நாட்டிலேயே தைமால் எடுத்தால் என்ன என்ற யோசனை அப்போதுதான் இங்கே வேகம் பிடித்தது. நம்ம ஊர் நாட்டுமருந்துக் கடையில் ஓமத்தண்ணி பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு ஹாம்பர்க் துறைமுகம் ஞாபகம் வரும்.

ஆனால் அம்மாவின் மூக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் இது எதுவுமில்லை. பூந்தமல்லி.

அந்த ஊரின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். ராமானுஜர் குருவாக மதித்தவர். இங்கே நந்தவனம் போட்டு, பூப்பறித்துக் கட்டி, காஞ்சி வரதராஜருக்குக் கொண்டுபோனார் என்பது வைணவ மரபு சொல்வது. காஞ்சி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். இன்றைக்கு அந்தச் சாலையில் கார்த் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடுகின்றன. பூக்கூடையோடு நடந்துபோன ஒருவரைக் கற்பனை செய்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் தோட்டத்தில் என்னென்ன செடி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வந்தது பூக்காரம்மாவின் கூடையைப் பற்றி.

கதம்பம் வாங்கியிருப்பீர்கள். மல்லி, கனகாம்பரம், நடுநடுவே பச்சையாய் ஏதோ ஒரு இலை. அது பெரும்பாலும் மரிக்கொழுந்தாக இருக்கும். சில நாள் மரு. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மரிக்கொழுந்து ஆர்டிமிசியா இனம். மரு வேறு: சிறிய, சாம்பல் பூத்த பச்சை இலை, கசக்கினால் இனிப்பும் கற்பூரமும் கலந்த மணம். அதன் தாவரவியல் பெயர் ஒரிகானம் மஜொரானா. ஆமாம், ஆரிகானோவின் சொந்தத் தங்கை. மேல்நாட்டுக் கடைகளில் மார்ஜோரம் என்று புட்டியில் அடைத்து விற்பது இதைத்தான்.

மருவின் பூர்வீகம் சைப்ரஸும் தெற்குத் துருக்கியும். பழைய கிரேக்கர்கள் அதை அமராகோஸ் என்றார்கள். கத்துல்லுஸ் என்ற ரோமானியக் கவிஞர் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய கல்யாணப் பாட்டு ஒன்றில் (அவருடைய 61ஆம் பாடல்) திருமணத் தெய்வத்தின் தலையில் இந்த மருவைத்தான் சூட்டுகிறார். அம்மாவின் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். கருப்பு வெள்ளைப் படம், முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார், ஜடை நிறையப் பூ. "மரு வச்சுத்தான் கட்டினாங்க, கழுத்தெல்லாம் வாசனை" என்றார். நடுவில் இரண்டாயிரம் வருஷம் இருக்கிறது, ஒரு கடல் இருக்கிறது. இலை உட்கார்ந்த இடம் மட்டும் மாறவில்லை.

மார்ஜோரம் என்ற பெயருக்கே மூலம் சமஸ்கிருதத்தின் 'மருவ'வாக இருக்கலாம் என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. முடிந்த விஷயம் இல்லை, ஊகம்தான். எனக்குப் பிடித்த ஊகம்: செடி அங்கிருந்து வந்தது, பேர் இங்கிருந்து போனது.

எதிர்த்திசையில் போனது மிளகு. யவனர் மரக்கலங்கள் பொன் கொடுத்து முசிறியில் மிளகு ஏற்றியதை அகநானூறு 149 பதிவு செய்திருக்கிறது. எகிப்தில் செங்கடல் ஓரம், கிரேக்கம் புழங்கிய பெரெனிகே துறைமுகத்தில், 1999இல் ஒரு கோயில் முற்றத்தைத் தோண்டினார்கள். தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே இருந்தது. முதல் நூற்றாண்டுச் சரக்கு. அங்கே அது கோயிலுக்கும் போனது, மருந்துக்கும் போனது, கடைசியில் சட்டியில் நிலைத்துவிட்டது. இன்று உப்பும் மிளகும் இல்லாத கிரேக்கச் சமையல் கிடையாது. மருவோ இங்கே தலையிலும் சாமி கழுத்திலும் ஏறியதே தவிர, அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. ஓமவல்லி தாண்டியது, ஆனால் சளி பிடித்தால் கஷாயமாக, மழை வந்தால் பஜ்ஜியாக. தினசரிக் குழம்பில் அதற்கு இடமில்லை. ஒரு பொருள் அந்நியமாகத் தெரிவது எங்கிருந்து வந்தது என்பதால் அல்ல, வீட்டில் எந்த அறையில் வைத்தோம் என்பதால் என்றுதான் எனக்குப் படுகிறது. அம்மாவுக்கு அறையே கிடையாது. நேராக வாசனைக்குப் போய்விட்டார்.

சரி, அந்த 'கிரேக்க மசாலா'வை வீட்டிலேயே பண்ணிவிடலாம் என்று இறங்கினேன். முதல் ஏமாற்றம்: அப்படி ஒரு கலவையைப் பிரபலமாக்கியது கிரீஸ் இல்லை, அமெரிக்கா. அர்கான்சாஸ் மாநிலத்து ஹாரிசன் என்ற ஊரில் தயாராகிற கேவண்டர்ஸ் பொடிதான் அங்கே புகழ்பெற்றது. அதில் உப்பு, மிளகோடு சோளமாவும் அஜினமோட்டோவும் உண்டு. கிரேக்க வீடுகளில் அதிகம் புழங்குவது காய்ந்த ஆரிகானோ, எலுமிச்சை, உப்பு, மிளகு. கோடையில் பூக்கும் நேரத்தில் அறுத்து, கட்டுக்கட்டாகத் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு, காய்ந்ததும் உள்ளங்கையில் தேய்த்து உதிர்க்கிறார்கள். புட்டியில் வாங்குவதையும் முழுக்க நம்ப முடியாது. 2015இல் பிரிட்டனில் 78 ஆரிகானோ மாதிரிகளைச் சோதித்ததில் 19இல் ஆலிவ் இலை, மிர்ட்டில் இலை என்று கலப்படம் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் கற்பூரவள்ளியைப் பறித்துப் பால்கனியில் காயப்போட்டது என் முட்டாள்தனம். இலை முழுக்கத் தண்ணீர், ஏரிப்பக்கத்துக் காற்று வேறு. நாலாம் நாள் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. மாசியில் மறுபடி முயன்றேன். மெல்லிய கீற்றாக நறுக்கி, துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஒரு வாரம். வத்தல் மாதிரி மொட்டைமாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் வாசனையும் கூடவே போய்விடும். புதினாவுக்கு நிழலில் மூன்று நாள் போதும். மருவை மட்டும் பூக்கூடையிலிருந்து எடுக்காதீர்கள்; மாலைக்கு வளர்த்ததில் என்ன மருந்து அடித்தார்களோ. நர்சரியில் செடி வாங்கி, தொட்டியில் வைத்து, புதுத் துளிர் வந்த பிறகு கிள்ளினேன்.

அளவு இது: ஆரிகானோ மூன்று ஸ்பூன் (இழுப்பறை உபயம்; சில பாக்கெட்டில் உப்பும் மிளகாயும் சேர்ந்திருக்கும், பின்பக்கம் படித்துவிட்டுப் பிரியுங்கள்), காய்ந்த கற்பூரவள்ளி ஒன்று, புதினா இரண்டு, மரு ஒன்று, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒன்று, எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவிக் காயவைத்தது ஒன்று, பூண்டுத்தூள் ஒன்று. தைமுக்குப் பதில் கால் ஸ்பூன் ஓமம் நுணுக்கிப் போட்டேன். அதற்கு மேல் போனால் ஓமப்பொடி ஆகிவிடும். உப்பு சாப்பிடும்போது. மிக்ஸி வேண்டாம், சூட்டில் மணம் போகும். கையால் நொறுக்கினால் போதும்.

உருளைக்கிழங்கை எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் பிசிறி வறுத்து, மேலே இதைத் தூவி அம்மாவிடம் நீட்டினேன். முதலில் தட்டை முகத்துக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

"மரு போட்டிருக்கியா?"

"ஆமாம்மா."

"அது ஏன்டா கிழங்குல?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்றை எடுத்தார்.