கழற்றிப் பூட்டின காலம்

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி எங்கட வீடுகளில் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் கெட்டித்தனத்தின் கதைகள். மண்ணெண்ணெயில் கார் ஓடினது, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி பிபிசி தமிழோசை கேட்டது, ஜாம் போத்தலில் விளக்குச் செய்தது. 2000க்குப் பிறகு பிறந்த எங்களுக்கு இவை கேட்கச் சுவையானவை. "எங்கட ஆக்கள் எதையும் சமாளிச்சவை" எண்டு கதை முடியும்போது கொஞ்சம் பெருமையும் வரும். அதே கதைகளை உதிரிப்பாகத்தின் பக்கம் நின்று கேட்டால் வேறொன்று தெரிகிறது. கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால், கையிருப்பு ஒன்று மெல்ல மெல்லக் கரைந்துபோன வரலாறு இருக்கிறது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, ஆனையிறவுப் பாதை அடைபட்டது. கிளாலிக் கடலால் உயிரைப் பணயம் வைத்துத்தான் ஆட்கள் போய் வந்தார்கள். பருத்தித்துறைக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழித்துணையோடு கப்பல்கள் வந்தன. அவற்றில் வந்தது உணவு. எரிபொருள், பற்றறி, சீமெந்து, பசளை, இயந்திரப் பாகங்கள் எல்லாம் தடைக்குள். மாவும் சீனியும் இறங்கிய அதே துறைமுகத்தில் ஒரு ஸ்பார்க் பிளக் இறங்க வழியில்லை. அரிசி தீர்ந்தால் அடுத்த கப்பல் எப்ப எண்டாவது கேட்கலாம். பிஸ்ரன் றிங் தேய்ந்தால் ஆரைக் கேட்கிறது?

இந்தக் கேள்விக்குக் குடாநாட்டு மெக்கானிக்மாரிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. அதற்காக 1970களுக்குப் போகவேண்டும். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம் அது. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போனதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதே கட்டுப்பாட்டின் மற்றப் பக்கத்தைப் பாடத்தில் அவ்வளவு சொல்வதில்லை. புதுக் கார் வரவில்லை. ஆகவே 1950களின் ஒஸ்ரின் ஏ போட்டியும் மொறிஸ் மைனரும் தொடர்ந்து ஓடவேண்டி வந்தது. ஏ போட்டி சோமர்செட்டின் தயாரிப்பு இங்கிலாந்தில் 1954இலேயே நின்றுவிட்டது. செய்தவனே கைவிட்ட வண்டிக்குப் பாகம் தேடுவது எங்கட கராச்சுகளுக்கு 1990இல் புதுப் பாடம் இல்லை. இருபது வருசப் பயிற்சி அப்போதே கையில் இருந்தது.

பழைய வண்டிகள் தப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல லேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பத்தாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் இருந்து துளிப் பெற்றோலைக் காபிரேற்றருக்குள் விசிறி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டத்து வாட்டர் பம் பலவும் முந்தியே இப்படித்தான் ஓடியது. பம்மின் வித்தையைக் காருக்குக் கொண்டுபோனதுதான் மிச்சம். ஆனால் எல்லா எஞ்சினும் இதைத் தாங்காது. அழுத்த விகிதம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னமே வெடித்து உள்ளே தட்டும். ஏ போட்டி போன்ற பழசுகளின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று அளவுதான். பழமைதான் அவற்றைக் காப்பாற்றியது.

வீட்டுக்கதைகள் சொல்லாமல் விடும் பகுதி இனித்தான் வருகிறது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. கரி பிளக்கில் படியும், வால்வில் படியும். எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியானால் றிங் தேயும், பெயாரிங் தேயும். எரிபொருள் தட்டுப்பாட்டைத் தீர்த்த அதே வித்தை பாகத் தட்டுப்பாட்டைக் கூட்டியது. ஓடின ஒவ்வொரு மைலுக்கும் திரும்பி வராத ஏதோ ஒன்று செலவானது.

செய்யக்கூடிய பாகம், செய்யமுடியாத பாகம் என்று இரண்டு உண்டு. புஷ், பின், போல்ட் போன்றவற்றை லேத்தில் கடைந்து எடுக்கலாம். அந்த லேத்தைச் சுழற்றவும் ஒரு எஞ்சின் வேண்டும், அதற்கும் மண்ணெண்ணெய் வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் பிளக்கின் பீங்கானையும் குண்டுப் போளையும் கண்டென்சரையும் நெல்லியடியில் இருந்துகொண்டு எவரும் செய்துவிட முடியாது. அவற்றுக்கு ஒரே வழி, இன்னொரு மெசினில் இருந்து கழற்றுவது. மூன்று பம்மில் இரண்டை ஓடவைக்க ஒன்றைச் சாகவிடவேண்டும். எதைச் சாகவிடுவது? வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போனவரின் வண்டி, காசுக்கு அந்தரப்பட்டவரின் பம் என்று இந்தக் கணக்கு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறோம். பெருமைக் கதைகளில் பாகம் கொடுத்த வண்டிக்காரர் வருவதே இல்லை.

ஜாம் போத்தல் விளக்கில்கூட இந்தக் கழற்றல் இருக்கிறது. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்ச மண்ணெண்ணெய், திரியைப் பிடிக்க ஒரு பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வு. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இனி ஒட்ட இடமில்லை என்றான ரியூப் விளக்குக்குப் போனது.

இதே வேலையை உலகத்தின் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. 2002இல் நாசா தன் விண்ணோடத்தின் பூஸ்டர் ரொக்கெற்றுகளைப் பரிசோதிக்கும் கருவிகளுக்காக இன்ரெலின் 8086 சிப்புகளை ஈபேயில் தேடியது செய்தியானது. 1978இல் வந்த சிப் அது. நாசா பழைய கருவிகளை மொத்தமாக வாங்கி, உள்ளே இருந்த சிப்பைக் கழற்றி எடுத்தது. சிப் செய்யும் மெசின்களுக்கும் இதே விதிதான். 2000களில் பெரிய ஆலைகள் 300 மில்லிமீற்றர் சிலிக்கன் தட்டுக்கு மாறின. 200 மில்லிமீற்றர் தட்டுக்கான மெசின்கள் பலவற்றைச் செய்வது நின்றது. ஆனால் கார்களுக்கும் வீட்டு மெசின்களுக்கும் வேண்டிய சாதாரண சிப்புகள் அந்தப் பழைய ஆலைகளில்தான் பெருமளவு தயாராகின. 2021இல் சிப் தட்டுப்பாட்டால் உலகம் முழுக்கக் கார் ஆலைகள் நின்றபோது அவற்றின் பெறுமதி திரும்பவும் தெரிந்தது. பழைய மெசினை முழுசாக வாங்கிப் பாகம் பாகமாக விற்கும் தரகர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். எங்கட பழைய இரும்புக்கடைக்காரரின் வேலைதான், தூசியில்லாத அறையில்!

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் சிப்பில் கோலம் பதிக்கும் பிஏஎஸ் 5500 என்ற மெசினை 1991இல் அறிமுகப்படுத்தியது. அதன் பழைய மெசின்களை அதே நிறுவனமே திரும்ப எடுத்துப் புதுப்பித்து விற்கிறது. 1991இல் இங்கே ஆட்கள் தடைக்குள் இருந்தார்கள். அந்தச் சிப் ஆலைகளுக்குப் பாகம் கிடைக்காதது காலம் போனதால். ஏ போட்டிக்கும் அப்படித்தான் என்று சொல்லலாம். ஆனால் பம்முக்கும் சைக்கிளுக்கும் பாகம் கிடைக்காதது காலத்தால் இல்லை. கொழும்பில் கடைக்கடையாக இருந்தது, வழியைத்தான் ஆட்கள் அடைத்தார்கள். 'தட்டுப்பாடு' என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் 'தடை' என்ற சொல்லை விடாமல் பிடிக்கவேண்டும் என்கிறோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழும்பி தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. சைக்கிளில் கட்டக்கூடியதுதான் வந்தது. ஐந்து வருசமாக ஒன்றைக் கழற்றி ஒன்றில் பூட்டிக் காப்பாற்றிய பம்மும் லேத்தும் அங்கேயே நின்றன. அடுத்த வருசம் திரும்பிப் போனவர்களில் பலரின் வீட்டில் பம்மும் இல்லை, கதவும் இல்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது புதுச் சாமான் உள்ளே வந்தது. அதே பாதையால் பழைய இரும்பு லொறி லொறியாகத் தெற்குக்குப் போனது. 2009க்குப் பிறகு இன்னும் கூட. ஒரு றிங்குக்காக ஊரெல்லாம் அலைந்து ஓடவைத்த எஞ்சின்களை, எது எந்த வண்டியில் இருந்து வந்தது என்று எவரும் எழுதி வைக்க முதல், கிலோக் கணக்கில் நிறுத்துக் கொண்டுபோனார்கள்.