வாரண்டில் ஒரு அடித்தல்

பழைய நீதிமன்ற வாரண்ட் கையில் கிடைத்தால், உத்தரவை மட்டும் படிச்சிட்டு மூடிடாதீங்க. அதை நிறைவேற்றிய அதிகாரி எழுதிய குறிப்பையும் பாருங்க.

இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம். 1692-இல் அங்கே சூனியக்காரி என்று முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப். ஜூன் 8 அன்று நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் கையெழுத்திட்ட வாரண்ட் இன்றும் இருக்கு, இணையத்திலேயே பார்க்கலாம். ஜூன் 10 அன்று ஷெரிஃப் ஜார்ஜ் கார்வின், சிறையிலிருந்து கொண்டுபோய்த் தூக்கிலிட்டதாக அதே ஆவணத்தில் எழுதுகிறார். அங்கேயே புதைத்ததாகவும் எழுதியிருக்கார். ஆனால் அந்தச் சொற்கள் மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கு.

தூக்கிலிட்ட இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ் என்று 2016-இல் உறுதிசெய்தாங்க. அவர் உடல் எங்கே போச்சு? அந்தக் கோட்டுக்குப் பிறகு எந்த ஆவணமும் பேசவில்லை.