ஒஃபீலியாவும் குளியல் தொட்டியில் கிடந்த பெண்ணும்

இந்த ஓவியத்தை எங்கேயாவது கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஓடைத் தண்ணீரில் மல்லாந்து மிதக்கும் ஒரு பெண், பாதி திறந்த வாய், சுற்றிலும் பூக்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் ஒஃபீலியா. வரைந்தவர் ஜான் எவரெட் மில்லே, 1851-52. இப்போ லண்டன் டேட் பிரிட்டனில் இருக்கு.

நாடகத்தில் இந்தச் சாவு மேடையில் நடக்கவே நடக்காது. ராணி வந்து சொல்வதோடு சரி. அந்த வர்ணனையைத்தான் மில்லே கண்ணுக்குக் காட்டினார்.

முதலில் சர்ரே பக்கம் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் மாசக்கணக்கில் உட்கார்ந்து செடிகொடியை மட்டும் வரைந்தார். பெண்ணுக்கு இடத்தைக் காலியா விட்டுட்டார். அந்த இடத்தில் வந்தவர் எலிசபெத் சிடல், வயது 22, தொப்பிக் கடையில் வேலை பார்த்த பெண்.

லண்டன் குளிர்காலம். பழைய கவுனைப் போட்டுக்கிட்டு, தண்ணி நிரப்பிய குளியல் தொட்டியில் மணிக்கணக்கா படுத்திருக்கணும். தண்ணி சூடா இருக்க தொட்டிக்கு அடியில் விளக்குகள். ஒருநாள் அவை அணைஞ்சு போச்சு. மில்லே கவனிக்கலை, வரைஞ்சுக்கிட்டே இருந்தார். சிடலும் வாயே திறக்கலை.

காற்றை விடத் தண்ணீர் உடல் சூட்டைப் பல மடங்கு வேகமா உறிஞ்சும். அந்தப் பெண் படுத்த படுக்கையானார். சிடலின் அப்பா வைத்தியச் செலவுக்கு 50 பவுண்டு கேட்டு எழுதினார். மில்லே அதைவிடக் குறைவா கொடுத்து முடிச்சுக்கிட்டார்.

படத்தில் கை பக்கத்தில் ஒரு சிவப்புப் பாப்பி பூ இருக்கும். தூக்கம், சாவு இரண்டுக்கும் அடையாளம். அது வயல்வெளிப் பாப்பி, அதில் மார்ஃபின் கிடையாது. அதன் சொந்தக்காரச் செடி ஒண்ணு இருக்கு, நம்ம சமையலறைக் கசகசா தரும் செடி. அபின் அதில்தான் வரும். அபினைச் சாராயத்தில் கரைச்சா லாடனம். அன்றைய இங்கிலாந்தில் 1868 சட்டம் வரும்வரை யார் வேணும்னாலும் விற்கலாம், யார் வேணும்னாலும் வாங்கலாம். இருமல், வயிற்றுவலி, தூக்கமின்மை, எல்லாத்துக்கும் அதுதான். அழுத கைக்குழந்தைக்குக் கூட அபின் மருந்து கொடுத்தாங்க.

சிடலும் அதில் மாட்டினார். இத்தனைக்கும் சும்மா மாடல் மட்டும் இல்லை, ஓவியர், கவிஞர். ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் இவர் படங்களுக்காகவே வருஷம் 150 பவுண்டு கொடுக்க முன்வந்தார். இதை யாரும் பேசமாட்டாங்க, தொட்டிக் கதையை மட்டும் பேசுவாங்க.

1860இல் ஓவியர் ரோசெட்டியுடன் கல்யாணம். 1861இல் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. பார்க்க வந்த தோழி ஜார்ஜியானா பர்ன்-ஜோன்ஸ் எழுதி வைத்திருக்கிறார்: பக்கத்தில் காலித் தொட்டில், சத்தம் போடாதீங்க, முழிச்சுக்கும் என்று சிடல் தடுத்தாராம். இன்னைக்கு என் வார்டில் ஒரு தாய் இப்படிச் சொன்னா, அன்னைக்கே மனநல மருத்துவரைக் கூப்பிடுவோம். அவருக்குக் கிடைத்தது லாடனம்தான்.

1862 பிப்ரவரி 10 இரவு வீடு திரும்பிய ரோசெட்டி, மனைவியை மயக்கத்தில் கண்டார். டாக்டர்கள் வந்தாங்க, வயிற்றைக் கழுவினாங்க. ஓபியம் மூச்சை நிறுத்தும். அதை முறிக்கும் நலாக்சோன் வர இன்னும் கிட்டத்தட்ட 100 வருஷம் இருந்தது. மறுநாள் காலை இறந்தார், வயது 32. விசாரணையில் விபத்து என்று எழுதினாங்க.

ரோசெட்டி தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியைச் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார். 1869இல் பிரசுரம் பண்ண ஆசை வந்து, ஹைகேட் கல்லறையைத் தோண்டச் சொல்லி அதைத் திரும்ப எடுத்துக்கிட்டார். தோண்டும்போது அவர் அங்கே போகலை.